சத்தம் வராத கிட்டார் ஆம்ப்: வீட்டிலேயே பழுது பார்க்க எந்த வரிசையில் தேட வேண்டும்

ஆம்ப் நின்றுபோனதும் பலர் முதலில் கையில் எடுப்பது ஸ்க்ரூ டிரைவரை. பெட்டியைத் திறந்ததும் கண்ணில் பெரிதாகப் படுகிற பவர் ஐசியை மாற்றுவார்கள். அப்போதும் பேசாவிட்டால் பக்கத்தில் இருக்கும் கெப்பாசிட்டர்களை மாற்றுவார்கள். கடைசியில் பழைய பழுது அப்படியே இருக்க, கூடவே இரண்டு புதுப் பழுதுகள் சேர்ந்திருக்கும். இந்த வேலையில் ஈயம் வைக்கத் தெரிவதைவிட வரிசையாகத் தேடத் தெரிவது முக்கியம். வெளியிலிருந்து உள்ளே, மின்சாரத்துக்குப் பிறகு சத்தம், அளந்த பிறகு மாற்றம். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன. ஒன்றைத் தாண்டி அடுத்ததற்குப் போகாதீர்கள்.

1. உங்கள் ஆம்ப் எந்த வகை என்று முதலில் பாருங்கள்

இந்த வழிகாட்டி வீட்டில் பயிற்சிக்கு வைத்திருக்கும் 10 முதல் 30 வாட் வரையிலான டிரான்சிஸ்டர் அல்லது ஐசி ஆம்புக்கு மட்டும். உள்ளே கனமான இரும்பு டிரான்ஸ்ஃபார்மர், ஒரே போர்டு, ஹீட் சிங்கில் திருகிய ஒரு பவர் ஐசி என்று இருக்கும்.

வால்வ் ஆம்ப் (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய்கள் வைத்தது) என்றால் திறக்காதீர்கள். உள்ளே 300 முதல் 500 வோல்ட் வரை டிசி இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கெப்பாசிட்டரில் தங்கி நிற்கும், ஆளைக் கொல்லும். கற்றுக்கொள்கிறவர் கை வைக்கும் இடமல்ல அது. கனமான இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத எஸ்எம்பிஎஸ் சப்ளை உள்ள டிஜிட்டல் ஆம்ப்களும் இந்தப் படிகளுக்குள் வராது. அவற்றின் சப்ளை போர்டில் 230 வோல்ட்டை நேராக டிசியாக்கிய 300 வோல்ட்டுக்கு மேல் ஓடும்.

2. தொடங்கும் முன் மேசையில் இருக்க வேண்டியவை

டிஜிட்டல் மல்டிமீட்டர், 25 வாட் சால்டரிங் அயன், 60/40 ஈயம், சால்டர் சக்கர், காண்டாக்ட் கிளீனர் ஸ்பிரே, 220 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று, முதலை கிளிப் வைத்த ஒயர்கள், வேலை செய்கிறது என்று உறுதியாகத் தெரிந்த கிட்டார் கேபிள் ஒன்று. வீணானாலும் பரவாயில்லை என்கிற பழைய 8 ஓம் ஸ்பீக்கர் இருந்தால் நல்லது.

இவற்றோடு ஒரு சீரிஸ் லேம்ப் கட்டாயம் வேண்டும். ஒரு பலகையில் பல்பு ஹோல்டர், பிளக் பாயின்ட் இரண்டையும் பொருத்தி, ஃபேஸ் ஒயர் (மின்சாரம் வரும் ஒயர்) பல்பு வழியாகப் போய் பாயின்ட்டுக்கு வரும்படி இணைத்தால் சீரிஸ் லேம்ப் தயார். நியூட்ரலும் எர்த்தும் நேராகவே போக வேண்டும். 60 வாட் குண்டு பல்புதான் போட வேண்டும். எல்இடி பல்பு இதற்கு உதவாது. ஆம்பில் ஷார்ட் இருந்தால் மின்சாரம் முழுக்க பல்பில் எரிந்து தீரும், நீங்கள் புதிதாகப் போட்ட ஐசி தப்பிக்கும். ஒன்றை நினைவில் வையுங்கள்: சீரிஸ் லேம்ப் ஆம்பைத்தான் காப்பாற்றும், உங்களை அல்ல. ஷாக் அடிப்பது அப்படியே அடிக்கும். 230 வோல்ட் வயரிங் பழக்கமில்லாதவர்கள் இந்தப் பலகையை எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துச் செய்துகொள்ளுங்கள்.

3. திறக்காமலே செய்ய வேண்டிய சோதனைகள்

நேரத்தை இங்கே செலவிடுங்கள். பயிற்சி ஆம்ப்களின் பழுதில் பெரும்பகுதி ஜாக்கிலும் கேபிளிலும்தான். அதைக் கண்டுபிடிக்க ஒரு ஸ்க்ரூ கூடக் கழற்ற வேண்டியதில்லை.

முதலில் கேபிளையும் கிட்டாரையும் மாற்றிப் பாருங்கள். ஆக்டிவ் பிக்கப் உள்ள கிட்டாராக இருந்தால் அதன் 9 வோல்ட் பேட்டரியைப் பாருங்கள். இதைச் செய்யாமல் ஆம்பைப் பிரித்துப் போடுகிறவர்களின் எண்ணிக்கை ஆச்சரியப்பட வைக்கும்.

அடுத்து ஹெட்ஃபோன் ஜாக். பெரும்பாலான ஆம்ப்களில் ஸ்பீக்கருக்குப் போகும் சத்தம் இந்த ஜாக்குக்குள் இருக்கும் ஒரு சிறிய தகடு வழியாகத்தான் போகிறது. பிளக்கைச் செருகினால் தகடு விலகி ஸ்பீக்கர் அடங்கும், எடுத்தால் திரும்பச் சேரும். அந்தத் தகடு கறுத்துப்போனாலோ வளைந்துபோனாலோ ஸ்பீக்கர் ஊமையாகிவிடும், ஹெட்ஃபோனில் மட்டும் அழகாகக் கேட்கும். கடலோர ஊர்களில் இது சீக்கிரமே வரும். பிளக்கை இருபது முப்பது முறை செருகி எடுங்கள். சத்தம் விட்டுவிட்டு வந்தால் ஆள் அகப்பட்டான்.

பின்புறம் எஃபெக்ட்ஸ் சென்ட், ரிடர்ன் ஜாக்குகள் (பெடல்களை இடையில் இணைக்க வைத்தவை) இருந்தால் ஒரு சிறிய கேபிளால் இரண்டையும் இணையுங்கள். சத்தம் வந்துவிட்டால் ரிடர்ன் ஜாக்கின் தகடுதான் பழுது. வராவிட்டால் கிட்டாரை நேராக ரிடர்னில் செருகுங்கள். மெலிதாகவாவது கேட்டால் பவர் பகுதி நன்றாக இருக்கிறது, பழுது முன்பகுதியான ப்ரீஆம்பில். இந்த ஜாக்குகள் இல்லாத சிறிய ஆம்ப்களில் ஃபோனை இணைக்கும் ஆக்ஸ் இன் ஜாக் உதவும். ஃபோனிலிருந்து பாட்டு கேட்கிறது, கிட்டார் மட்டும் கேட்கவில்லை என்றால் பாதி போர்டைச் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

விளக்கே எரியவில்லையா? சுவர் பாயின்ட், பவர் கார்டு, வெளியே திறக்கிற ஃபியூஸ் ஹோல்டர் என்று இந்த வரிசையில் பாருங்கள்.

4. ஃபியூஸ் என்ன சொல்கிறது

கண்ணாடி ஃபியூஸை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண்ணாடி தெளிவாக இருந்து கம்பி மட்டும் அறுந்திருந்தால் அது வயதாலோ சிறு அதிகச் சுமையாலோ போயிருக்கலாம். உள்ளே கறுத்தோ வெள்ளி பூசியது போலவோ இருந்தால் பெரிய ஷார்ட். அப்போது புது ஃபியூஸ் போட்டு நேராக பிளக்கைச் செருகாதீர்கள், படி 7-க்குப் போகும்வரை பொறுங்கள்.

ஃபியூஸ் மீது டி என்ற எழுத்து இருந்தால் மெதுவாக உருகும் வகை, எஃப் என்றால் வேகமாக உருகும் வகை. டிரான்ஸ்ஃபார்மர் ஆன் ஆகும் கணத்தில் அதிக மின்சாரம் இழுக்கும் என்பதால் அங்கே டி வகை வைத்திருப்பார்கள். எஃப் போட்டால் பழுதே இல்லாமல் போய்க்கொண்டிருக்கும். அதிக ஆம்பியர் ஃபியூஸோ, செம்புக் கம்பியோ போட்டால் அடுத்து உருகப்போவது டிரான்ஸ்ஃபார்மர்.

5. திறப்பதும் கெப்பாசிட்டரைக் காலி செய்வதும்

பிளக்கைப் பிடுங்கி கண்ணெதிரே மேசைமேல் வையுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. ஃபியூஸ் ஹோல்டரிலும் சுவிட்சின் ஒரு முனையிலும் 230 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும்.

ஒவ்வொரு கனெக்டரையும் கழற்றும் முன் போட்டோ எடுங்கள். ஸ்பீக்கர் ஒயரில் எந்த நிறம் எந்தப் பக்கம், எந்த ஸ்க்ரூ நீளம் என்பதெல்லாம் மறுநாள் நினைவிருக்காது.

டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் 2200 அல்லது 4700 மைக்ரோஃபாரட் என்று எழுதிய உருளைகள் ஒன்றோ இரண்டோ நிற்கும். ஒவ்வொன்றின் இரு கால்களுக்கும் குறுக்கே 220 ஓம் ரெசிஸ்டரை, பிளாஸ்டிக் பிடி போட்ட பிளையரால் பிடித்துப் பத்து விநாடி வையுங்கள். பிறகு மீட்டரில் ஒரு வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டதா என்று பாருங்கள். ஸ்க்ரூ டிரைவரால் பட்டென்று ஷார்ட் செய்வது கடைகளில் சகஜம், ஆனால் அந்தத் தீப்பொறி கெப்பாசிட்டரையும் போர்டின் செம்புத் தடத்தையும் கெடுக்கும்.

சுவிட்சிலும் ஃபியூஸ் ஹோல்டரிலும் வெளியே தெரியும் முனைகளை இன்சுலேஷன் டேப்பால் சுற்றிவிட்டு அடுத்த படிக்கு வாருங்கள்.

6. கண்ணால் தேடுவது: டிரை சால்டர்

போர்டைத் திருப்பி, நல்ல வெளிச்சத்தில், ஃபோன் கேமராவை ஜூம் செய்து ஈயம் வைத்த இடங்களைப் பாருங்கள். காலைச் சுற்றி மெல்லிய கறுப்பு வளையம் தெரிந்தால் அது டிரை சால்டர், அதாவது விரிசல் விட்டுத் தொடர்பு சரியாக இல்லாத ஈயம். எல்லா இடமும் சம சந்தேகத்துக்குரியவை அல்ல. முதலில் இன்புட் ஜாக். ஒவ்வொரு முறை கேபிளை இழுக்கும்போதும் அந்த ஈயத்தைத்தான் ஆட்டுகிறோம். அடுத்து வால்யூம், டோன் கண்ட்ரோல்களின் கால்கள். அதற்கடுத்து சூடாகும் பொருட்கள்: பவர் ஐசியின் கால்களும், ப்ரீஆம்புக்கு வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் பெரிய ரெசிஸ்டர்களும். அவற்றின் கீழே போர்டு பழுப்பேறியிருக்கும்.

பழைய ஈயத்தின் மேலேயே புது ஈயத்தைத் தடவுவது அரை வேலை. சக்கரால் பழையதை உறிஞ்சி எடுத்து, காலையும் தடத்தையும் ஒன்றாகச் சூடாக்கி, இரண்டு மூன்று விநாடிக்குள் புது ஈயம் விட்டு அயனை எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் வைத்தால் மலிவான போர்டில் தடம் பெயர்ந்து வரும்.

உப்பிய தலை, ஒழுகிய கறை, கருகிய ரெசிஸ்டர் எதுவும் கண்ணில் பட்டால் குறித்துக்கொள்ளுங்கள். இன்னும் மாற்றாதீர்கள். கருகியது பெரும்பாலும் வேறொருவர் செய்த தப்புக்குத் தண்டனை அனுபவித்த பொருள்தான்.

7. சீரிஸ் லேம்பில் முதல் மின்சாரம்

ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றி வையுங்கள். பவர் ஐசி கெட்டிருந்தால் டிசி நேராக ஸ்பீக்கருக்குப் போய் அதன் காயிலைப் பொசுக்கும். ஐசியைவிட ஸ்பீக்கர் பல மடங்கு விலை.

ஆம்பை சீரிஸ் லேம்ப் பாயின்ட்டில் செருகி ஆன் செய்யுங்கள். பல்பு ஒரு கணம் பிரகாசித்து அப்படியே மங்கி அணைந்தால் நல்ல அறிகுறி. பிரகாசமாகவே நின்றால் ஷார்ட், உடனே அணையுங்கள். பிளக்கைப் பிடுங்கி, கெப்பாசிட்டரைக் காலி செய்து, டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து போர்டுக்கு வரும் ஒயர்களை எடுத்துவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். இப்போதும் எரிந்தால் டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது. அணைந்தால் ஷார்ட் போர்டில். ரெக்டிஃபையர் டையோடுகளையும் (ஏசியை டிசியாக்குபவை) பவர் ஐசியையும் மீட்டரில் பாருங்கள். நல்ல டையோடு, டையோடு ரேஞ்சில் ஒரு பக்கம் 0.5 முதல் 0.7 வரை காட்டும், மறுபக்கம் ஒன்றும் காட்டாது. இரண்டு பக்கமும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால் செத்தது.

பல்பு எரியவேயில்லை, ஆம்பிலும் விளக்கில்லை என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியை (230 வோல்ட் வரும் பக்கத்துக் காயில்) ஓம் ரேஞ்சில் அளங்கள். சில பத்து ஓம் முதல் சில நூறு ஓம் வரை காட்டினால் சரி. மீட்டர் ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கும், அல்லது டேப்புக்கு அடியில் ஒளிந்திருக்கும் தெர்மல் ஃபியூஸ் போயிருக்கும்.

பல்பு மங்கி நின்றால் அளவெடுக்கலாம். மீட்டரின் கறுப்பு ஒயரை கிரவுண்டில் முதலை கிளிப்பால் மாட்டிவிட்டு, சிவப்பை மட்டும் ஒரே கையால் பிடியுங்கள். கிரவுண்டுக்கு டிரான்ஸ்ஃபார்மரின் நடு ஒயரையோ, இரண்டு பெரிய கெப்பாசிட்டர்கள் சேரும் புள்ளியையோ எடுங்கள். ஸ்பீக்கரின் மைனஸ் முனையை எடுக்கவே கூடாது. பல கிட்டார் ஆம்ப்களில் அதற்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஒரு சிறிய ரெசிஸ்டர் இருக்கும், அளவு உங்களைக் குழப்பும்.

பார்க்க வேண்டியது மூன்று. ஒன்று, பெரிய கெப்பாசிட்டர்களில் பிளஸும் மைனஸும் ஏறக்குறைய சமமாக இருக்கிறதா. 15-0-15 (நடு ஒயருக்கு இருபுறமும் 15 வோல்ட் ஏசி தரும்) டிரான்ஸ்ஃபார்மரானால் இரண்டு பக்கமும் சுமார் 20 வோல்ட் வரும், சீரிஸ் லேம்பில் சற்றுக் குறையும். இரண்டு, ப்ரீஆம்பின் எட்டுக் கால் ஐசியில் (பெரும்பாலும் 4558 அல்லது டிஎல் 072) 8-ஆம் காலில் பிளஸ் 15, 4-ஆம் காலில் மைனஸ் 15 அளவில் இருக்கிறதா. ஒரு பக்கம் இல்லையென்றால் அந்தப் பக்கத்து ஜீனர் டையோடும் (வோல்டேஜை ஒரே அளவில் பிடித்து வைப்பது) அதற்கு முன்னாலிருக்கும் சூடான ரெசிஸ்டரும்தான் குற்றவாளி. மூன்று, ஸ்பீக்கர் பிளஸ் ஒயரில் டிசி. சில பத்து மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. வோல்ட் கணக்கில் வந்தால் ஸ்பீக்கரை மாட்டக்கூடாது.

புரோப் வழுக்குவதுதான் புதியவர்கள் செய்யும் விலை உயர்ந்த தவறு. பவர் ஐசியின் கால்கள் நெருங்கி நிற்கும். முனை ஒரு மயிரிழை நகர்ந்து அவுட்புட்டையும் சப்ளையையும் தொட்டால் நல்ல ஐசியே போய்விடும். ஆகவே காலில் அளக்காதீர்கள். சப்ளையைக் கெப்பாசிட்டர் முனையிலும், அவுட்புட்டை ஸ்பீக்கர் ஒயரிலும் அளங்கள். தடம் ஒன்றுதான், இடம் மட்டும் விசாலம்.

8. பவர் ஐசியை மாற்றுவது

அவுட்புட்டில் டிசி நிற்கிறது, சப்ளை இரண்டு பக்கமும் சரி என்றால் இப்போது மாற்றலாம். ஐந்து கால் கொண்ட டிடிஏ 2030, டிடிஏ 2050, எல்எம் 1875 மூன்றுக்கும் கால் வரிசை ஒன்றுதான்: 3 மைனஸ், 4 அவுட்புட், 5 பிளஸ். இதனாலேயே ஒரு ஆபத்து. டிடிஏ 2030 தாங்குவது பிளஸ் மைனஸ் 18 வோல்ட், டிடிஏ 2050 தாங்குவது 25, எல்எம் 1875 தாங்குவது 30. பெரியது இருந்த இடத்தில் கடைக்காரர் கொடுத்த 2030-ஐப் போட்டால் ஆன் செய்ததும் வெடிக்கும். உங்கள் போர்டில் அளந்த வோல்டேஜை எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். அப்போது சீரிஸ் லேம்ப் இருந்தது என்பதையும், நேராகச் சுவர் பாயின்ட்டில் செருகினால் இன்னும் ஏறும் என்பதையும் மறக்க வேண்டாம். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் இவை எளிதாகக் கிடைக்கும். விலை நம்ப முடியாத அளவு குறைவாக இருந்தால் போலி என்று எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஐசிகளில் போலி நிறைய உலவுகிறது.

பழையதை முழுசாகப் பிடுங்கப் பார்க்காதீர்கள். கால்களை ஒவ்வொன்றாக வெட்டி உடலை எடுத்துவிட்டு, மிச்சக் கால்களைத் தனித்தனியே சூடாக்கி எடுத்தால் தடம் பிழைக்கும்.

இந்த ஐசிகளின் முதுகுத் தகடு 3-ஆம் காலோடு, அதாவது மைனஸ் சப்ளையோடு இணைந்திருக்கிறது. ஹீட் சிங்க் எர்த்தில் இருந்தால் நடுவே மைக்கா ஷீட்டும் ஸ்க்ரூவுக்கு பிளாஸ்டிக் புஷ்ஷும் இல்லாமல் ஆன் செய்ய முடியாது. பழையதில் எப்படி இருந்ததோ அப்படியே வையுங்கள், ஹீட் சிங்க் பேஸ்ட் மெல்லிசாகத் தடவுங்கள், பிறகு மீட்டரின் கன்டினியூட்டி ரேஞ்சில் தகட்டுக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே பீப் வருகிறதா என்று பாருங்கள். மைக்கா இருந்தால் வரக்கூடாது.

அவுட்புட்டிலிருந்து கிரவுண்டுக்குப் போகும் 1 ஓம் ரெசிஸ்டரும் சிறிய கெப்பாசிட்டரும் ஐசிக்குப் பக்கத்திலேயே இருக்கும். அந்த 1 ஓம் கருகியிருந்தால் அதையும் மாற்றுங்கள். அது இல்லாமல் ஐசி காதுக்குக் கேட்காத அதிர்வெண்ணில் ஊசலாடி மறுபடி சூடாகிச் சாகும்.

9. வோல்டேஜ் எல்லாம் சரி, சத்தம் மட்டும் இல்லை

அவுட்புட்டில் டிசி இல்லை என்று உறுதியானதும் பழைய ஸ்பீக்கரை மாட்டுங்கள். ஆம்பின் ஸ்பீக்கரையும் தனியே பாருங்கள்: 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 6 முதல் 7 ஓம் காட்டும், 1.5 வோல்ட் பேட்டரியைத் தொட்டு எடுத்தால் டக்கென்று ஒலிக்கும்.

பிறகு சத்தம் எங்கே நிற்கிறது என்று பின்தொடருங்கள். சார்ஜரில் இல்லாத ஃபோனில் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றைப் போட்டு, 400 ஹெர்ட்ஸ், மிகக் குறைந்த அளவில், இன்புட் ஜாக்குக்குக் கொடுங்கள். பேட்டரியில் ஓடும் இன்னொரு சிறிய ஸ்பீக்கரின் ஆக்ஸ் கேபிள் நுனியில் 0.1 மைக்ரோஃபாரட், 100 வோல்ட் தாங்கும் கெப்பாசிட்டரை ஈயம் வைத்து, அதன் இன்னொரு காலைப் புரோப்பாக வைத்துக்கொள்ளுங்கள்; கேபிளின் கிரவுண்ட் ஆம்பின் கிரவுண்டுக்கு. அந்தக் கெப்பாசிட்டர் டிசியைத் தடுத்து சத்தத்தை மட்டும் விடும்.

இன்புட் ஜாக், முதல் ஐசியின் 1-ஆம் கால், 7-ஆம் கால், வால்யூம் கண்ட்ரோலின் நடுக்கால், பவர் ஐசியின் இன்புட் என்று முன்னேறுங்கள். எங்கே டோன் நிற்கிறதோ அதற்கும் முந்தைய இடத்துக்கும் நடுவேதான் பழுது. எட்டுக் கால் ஐசியின் 1 அல்லது 7-ஆம் காலில் டிசி பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இல்லாமல் 13, 14 வோல்ட்டில் ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த ஐசியை மாற்றுங்கள். மாற்றும்போது சாக்கெட் வைத்துவிடுங்கள்.

10. சத்தம் வருகிறது, கூடவே இரைச்சலும் வருகிறது

வால்யூமைப் பூஜ்யத்தில் வையுங்கள். ஹம் (ம்ம் என்ற தொடர் இரைச்சல்) அப்படியே இருந்தால் பழுது சப்ளையில். பெரும்பாலும் வயதான பெரிய கெப்பாசிட்டர்கள். அது 100 ஹெர்ட்ஸ், சற்றுக் கரகரப்பாக இருக்கும். ஜோடியாக மாற்றுங்கள். மைக்ரோஃபாரட் அதே அளவு, வோல்ட் அதே அல்லது அதிகம், 105 டிகிரி வகை, பிளஸ் மைனஸ் தவறாமல்.

வால்யூமோடு ஹம் ஏறி இறங்கினால் கேபிளை உருவுங்கள். அடங்கினால் ஆம்பைக் குறை சொல்லாதீர்கள். சிங்கிள் காயில் பிக்கப், பக்கத்திலிருக்கும் லேப்டாப் சார்ஜர், ஃபேன் ரெகுலேட்டர் எதுவாகவும் இருக்கலாம். ஹம்மை அடக்க எர்த் பின்னை வெட்டும் பழக்கம் நம் ஊரில் உண்டு. கிட்டாரின் கம்பிகள் ஆம்பின் பாடியோடு இணைந்தவை. எர்த் இல்லாமல் உள்ளே ஒரு லீக் வந்தால், கம்பியைப் பிடித்தபடி மைக்கை உதட்டால் தொடுகிறவர்தான் எர்த்.

கண்ட்ரோலைத் திருப்பும்போது வரும் கரகரப்புக்குக் காண்டாக்ட் கிளீனர். கால்களுக்கு மேலே இருக்கும் இடைவெளியில் ஒரு அடி, பிறகு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பல முறை சுழற்றல். தேங்காய் எண்ணெய் வேண்டாம். தூசியைச் சேர்த்துப் பசையாக்கும். சுத்தம் செய்தும் போகவில்லையென்றால் கண்ட்ரோலின் இரு முனைகளிலும் டிசி அளங்கள். சில மில்லிவோல்ட்டுக்கு மேல் இருந்தால் அதற்கு முன்னாலிருக்கும், டிசியைத் தடுக்க வேண்டிய கப்ளிங் கெப்பாசிட்டர் கசிகிறது.

11. மூடுவதற்கு முன்

சீரிஸ் லேம்பை எடுத்துவிட்டு, நேராகச் சுவர் பாயின்ட்டில் செருகி, ஸ்பீக்கர் இல்லாமல், அவுட்புட் டிசியை மீண்டும் ஒரு முறை அளங்கள். சரியென்றால் சொந்த ஸ்பீக்கரை மாட்டி நடுத்தர வால்யூமில் அரை மணி நேரம் வாசியுங்கள். டிரை சால்டரும் கசியும் கெப்பாசிட்டரும் சூடேறிய பிறகுதான் முகம் காட்டும். ஓடும்போதே உலர்ந்த மரக்குச்சியால் போர்டை ஆங்காங்கே தட்டிப் பாருங்கள். பென்சில் வேண்டாம், அதன் நடுவில் இருப்பது மின்சாரம் கடத்தும் கிராஃபைட். தட்டும் இடத்தில் சத்தம் விட்டுவிட்டு வந்தால் அந்த இடத்துக்கு மீண்டும் ஈயம்.

டிரான்ஸ்ஃபார்மர் போயிருந்தால் அதே வோல்டேஜ், அதே அல்லது அதிக ஆம்பியர் கொண்டதைச் சுற்றித் தரச் சொல்லலாம், ஆனால் முதலில் விலை கேளுங்கள். சின்ன 10 வாட் ஆம்பில் அந்தச் செலவு பல நேரம் நியாயமாகாது. அப்போது ஸ்பீக்கரையும் பெட்டியையும் வைத்துக்கொண்டு வேறு போர்டு தேடுவது மேல்.